குழந்தையின் நோவும் அபினியின் அளவும்

நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் கடமை. நோவைத் தணிப்பது அதனினும் பழமையான கடமை. நோயின் காரணம் இன்னதென்று மனிதன் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே, வலியால் துடிப்பவனுக்கு ஏதேனும் ஒரு பச்சிலையைக் கசக்கிக் கொடுக்க அவன் கற்றிருந்தான். அவ்வாறு அவன் கண்டெடுத்த பொருள்களுள் அபினியைப் போல் நன்மையும் தீமையும் ஒருங்கே செய்தது வேறொன்று இல்லை எனலாம். பெரியவர்கள் திறத்தில் இவ்வரலாறு பலரும் அறிந்ததே. குழந்தைகள் திறத்தில் அது அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. தொண்டையிலுள்ள டான்சில் சதையை அகற்றும் சிறிய அறுவையை நடுவாக வைத்துக்கொண்டு, அவ்வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம். இவ்வறுவையின்போதும் அதன் பின்னும் குழந்தைகளுக்கு அபினி வகை மருந்துகளை இயன்ற அளவு குறைப்பது இந்நாளில் பல நாடுகளிலும் பரவி வரும் முறை. அம்முறை எவ்வாறு தோன்றியது, அதன் எல்லை யாது என்பனவே நாம் காண விரும்புவன.

பெங்களூரில் வாழும் தமிழ் இல்லங்களுக்குக் கன்னட நாட்டின் கசகசாப் பாயசம் புதிதன்று. பண்டிகை நாளில் அதை உண்டவர் பிற்பகலில் கண்ணயர்ந்து விடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. அந்தக் கசகசாவும் அபினியும் ஒரே செடியில் பிறந்தவை. விதையில் மயக்கும் பொருள் மிகச் சிறிதே. முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் காய்ந்து இறுகியதே அபினி. சாற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று அரபு மொழியில் 'அஃப்யூன்' எனத் திரிந்து, நம் நாட்டு மொழிகளில் அபினி, அபின் என வழங்கலாயிற்று. கங்கைக் கரையிலுள்ள காசிப்பூரில் 1820ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அபினித் தொழிற்சாலை இன்றும் அரசின் கையில் இயங்கி வருகிறது. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் இச்செடியைப் பயிரிடுகின்றனர்.

குழந்தைக்கு அபினி கொடுக்கும் வழக்கம் மருத்துவமனைகளில் தொடங்கியதன்று, வீட்டில் தொடங்கியது. பம்பாய் ஆலைகளில் உழைத்த ஏழைத் தாய்மார், தாம் வேலைக்குச் சென்று திரும்பும் வரை குழந்தை அழாமல் உறங்கும் பொருட்டு, 'பால கோலி' என்னும் அபினி உருண்டையைக் கொடுத்து வந்தனர். இது கீழை நாட்டாரின் அறியாமை என்று எவரேனும் கருதினால் அது தவறு. அமெரிக்காவில் 1849 முதல் விற்கப்பட்ட 'வின்சுலோ அம்மையாரின் ஆற்றும் பாகு' என்னும் இனிப்பு மருந்தில் மார்ஃபின் கலந்திருந்தது. பல் முளைக்கும் குழந்தைக்கு அதைப் புகட்டிய தாய்மார் பல்லாயிரவர். அழுகை நின்றது. சில குழந்தைகளுக்கு மூச்சும் நின்றது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அம்மருந்தைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் வைத்துக் கண்டித்தது. அழாத குழந்தை நோவற்ற குழந்தை ஆகிவிடாது என்னும் பாடத்தை இதிலிருந்தே நாம் கற்கத் தொடங்கலாம்.

அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய மருந்தாளர் சேர்ட்டூர்னர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இதைச் செய்து முடித்தார். 1832இல் பிரெஞ்சு வேதியியலார் ரோபிக்கே, அதே அபினியில் கோடீன் என்னும் மற்றொரு பொருளைக் கண்டார். மார்ஃபினைவிட மென்மையானது என்று பெயர் பெற்ற இக்கோடீன், பின்னாளில் குழந்தைகளின் வரலாற்றில் எத்தகைய இடத்தைப் பெறப்போகிறது என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

அறுவையின் நோவை முழுவதும் மறைக்கும் மயக்க முறை 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியின் துணையால் உலகறியச் செய்துகாட்டப்பட்டது. ஏறத்தாழ ஐந்து திங்கள்களில், 1847 மார்ச்சு மாதத்தில், கல்கத்தாவில் ஈதர் பயன்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் எடின்பரோ நகரத்து சிம்சன் குளோரோஃபாமை அறிமுகப்படுத்தினார். மணம் இனியது, வேகம் மிக்கது என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஆயினும் 1848 சனவரியில், இங்கிலாந்தில் கால் நகத்தை அகற்றுவதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தி சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். குளோரோஃபாம் மரணங்களுள் முதலாவதாகப் பதிவு பெற்றது, இளம் பருவத்தினள் ஒருத்தியின் மரணமே.

மயக்கத்தில் முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற வினா அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவ உலகை ஆட்டி வைத்தது. அதற்கு விடை காணும் பெருமுயற்சி ஒன்று நம் தக்காணத்திலேயே நடந்தது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. ஐதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராக இருந்த எட்வர்டு லாரி, நிசாமின் பொருளுதவியுடன் 1888இலும் 1889இலும் இரு குளோரோஃபாம் ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாவது குழுவில் பங்கு கொள்ள இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். மூச்சைக் கண்ணிமைக்காமல் கவனித்தால் இதயம் தன்னைத் தான் காத்துக்கொள்ளும் என்பது லாரியின் முடிவு. அம்முடிவில் ஒரு பாதி தவறென 1911இல் இலண்டனில் லெவி நடத்திய சோதனைகள் காட்டின. குளோரோஃபாம் இதயத்தையும் நேரே தாக்க வல்லது. மற்றப் பாதியோ, அதாவது மூச்சைக் கவனி என்னும் அறிவுரை, இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அதே ஐதராபாத்தில் 1889 முதல் 1917 வரை நோயாளிகளுக்குக் குளோரோஃபாம் கொடுக்கும் பணியை மேற்கொண்டிருந்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்னும் பார்சிப் பெண்மணி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவராக எண்ணப்படுகிறார்.

இனி டான்சில் அறுவைக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய நூலாசிரியர் செல்சசு, டான்சிலை விரலாலேயே சுற்றிப் பிரித்தெடுக்கும் முறையை எழுதி வைத்தார். 1828இல் பிலடெல்பியா நகரத்து ஃபிசிக் அதற்கெனத் தனிக் கருவி ஒன்றை அமைத்தார். மயக்க முறை வந்த பிறகு இவ்வறுவை காட்டுத்தீயெனப் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், காய்ச்சல், மூட்டுவலி, படிப்பில் மந்தம் ஆகிய அனைத்திற்கும் டான்சிலே வேர் என்று நம்பியவர் பலர்.

அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு நியூயார்க் நகரத்தில் 1934இல் நடந்த ஆய்வு ஒன்று சான்று. 1,000 பள்ளிச் சிறுவர்களை எடுத்துக்கொண்டபோது 611 பேருக்கு முன்னமே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்கள் பார்த்து 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றனர். வேண்டாம் என்று விடப்பட்டவர்களை வேறு மருத்துவர்களிடம் காட்டியபோது மேலும் 99 பேருக்கு வேண்டும் என்றனர். மிஞ்சியவர்களை மூன்றாம் முறை காட்டியபோது இன்னும் 51 பேர் சேர்ந்தனர். முடிவில் தப்பியவர் 65 பேரே. 1938இல் இங்கிலாந்தில் கிளவர் என்னும் மருத்துவ அதிகாரியும், ஊருக்கு ஊர் இவ்வறுவையின் எண்ணிக்கை காரணமின்றி மாறுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். இத்தகைய ஆராய்ச்சிகளாலும், பின்னர்ப் பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்ததாலும் இவ்வறுவை குறைந்தது. இக்காலத்தில் இது மிகுதியும் செய்யப்படுவது, பருத்த டான்சில் இரவில் மூச்சை அடைத்துத் தூக்கத்தைக் கெடுக்கும் குழந்தைகளுக்கே. இந்த மாற்றத்தை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர் வரும் துயரத்திற்கு இதுவே திறவுகோல்.

அறுவை முடிந்தபின் அக்குழந்தைகள் பட்ட நோவு என்னாயிற்று? பல தலைமுறைகளாக அதை எவரும் அளக்கவில்லை. சின்னஞ்சிறு குழந்தைக்கு நரம்புகள் முதிரவில்லை; ஆதலின் அது நோவை நன்கு உணராது, உணர்ந்தாலும் மறந்துவிடும் என்ற கருத்து மருத்துவக் கல்லூரிகளிலேயே குடிகொண்டிருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு, அசையாதிருக்கச் செய்யும் மருந்தும் சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரசு ஆக்சைடும் மட்டுமே கொடுத்து நெஞ்சைத் திறந்து அறுவை செய்த காலம் அண்மையது.

அக்கருத்தைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் ஓர் இந்தியர். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, ரோட்சு உதவித்தொகை பெற்று ஆக்சுஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவைக்கு உள்ளாகும் பச்சிளங் குழந்தைகளின் குருதியைச் சோதித்து, நோவு அவர்தம் உடலில் எழுப்பும் புயலை அளந்து காட்டினார். ஃபெண்டனில் என்னும் அபினி வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அப்புயல் அடங்கியது, பின்விளைவுகளும் குறைந்தன. 1987இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, குழந்தைக்கும் நோவு உண்டு, அதைத் தணிப்பது கடமை என்பதை மறுக்க முடியாதவாறு நிறுவியது. குழந்தை மருத்துவத்தில் அபினி வகை மருந்து பெற்ற இடம் கருணையால் பெற்ற இடம். இதை மறந்துவிட்டு அம்மருந்தைப் பழித்தல் நன்றி கொன்ற செயலாகும்.

ஆயினும் கருணைக்கும் கணக்கு வேண்டும். டான்சில் அகற்றிய குழந்தைக்குத் தொண்டை நோவு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீடிக்கும். அதே நாளிலோ மறுநாளிலோ வீடு திரும்பும் குழந்தைக்கு, மேலை நாடுகளில் பெரும்பாலும் கோடீன் பாகு கொடுத்தனுப்பினர். கோடீன் தானாக நோவைத் தணிப்பதில்லை. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. அந்த மார்ஃபினே நோவைத் தணிக்கிறது. அந்நொதியின் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலரிடம் அது ஏறக்குறைய இயங்குவதே இல்லை. அவர்களுக்குக் கோடீன் வெறும் சர்க்கரைப் பாகு. மற்றும் சிலரிடம் அது மிகு வேகத்தில் இயங்கும். அவர்களுக்கு முறையான அளவே மிகையான அளவாகிவிடும். தாயோ மருத்துவரோ பார்வையால் இதை அறிய வழியில்லை.

2009இல், டான்சில் அகற்றப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, விதித்த அளவு கோடீனை உட்கொண்டும் வீட்டில் இறந்துபோன செய்தி மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. 2012 ஆகசுட்டில் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், இவ்வறுவைக்குப் பின் கோடீன் உட்கொண்ட இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான மூன்று குழந்தைகளின் மரணத்தையும், மயிரிழையில் தப்பிய மற்றொன்றின் நிலையையும் அறிவித்தது. மறு ஆண்டு, டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாதென்று தடை எச்சரிக்கை அச்சிடப்பட்டது. 2017இல், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடா. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு டான்சில் அறுவைக்குப் பின் டிரமடாலும் கூடாது என அத்தடை விரிந்தது. உலக நல நிறுவனம் 2011இலேயே குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து கோடீனை நீக்கிவிட்டிருந்தது.

மென்மையான கோடீனுக்கு மாறாக மார்ஃபினையே அளந்து கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் நாம் முன்னர்க் குறித்த மாற்றம் குறுக்கிடுகிறது. இரவுதோறும் மூச்சடைப்பால் பிராணவாயுக் குறைவுக்கு ஆட்பட்ட குழந்தையின் உடல், அபினி வகை மருந்துக்கு மிகவும் இளகியதாகிவிடுகிறது. மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, அத்தகைய குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளுக்கு வேண்டிய மார்ஃபினில் ஏறத்தாழப் பாதியே போதுமானதாக இருந்தது. மார்ஃபின் மூளையின் அடித்தண்டிலுள்ள மூச்சுக் கட்டுப்பாட்டை மந்தமாக்குவது. அறுவை முடிந்த முதல் இரவில் தொண்டையில் வீக்கம் இருக்கும். மூச்சு வழி உடனே சீர்ப்படுவதில்லை. ஆகவே, மூச்சுக்காக அறுவை செய்துகொள்ளும் குழந்தைக்கே மூச்சைத் தளர்த்தும் மருந்து பெருந்தீங்காக முடியலாம். வாந்தியும் அம்மருந்தின் உடன்பிறப்பு. புண்பட்ட தொண்டையுடன் வாந்தி எடுக்கும் குழந்தை நீர் அருந்தாது. நீரின்மை நோவை மிகுவிக்கும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த மயக்க மருத்துவர்கள், ஒரே மருந்தின் மீது முழுச்சுமையையும் ஏற்றாமல், பல மருந்துகளின் சிறு சிறு அளவுகளால் நோவை அடக்கும் வழியைத் தேர்ந்தனர். இது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. 1910ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க அறுவையாளர் கிரைல், மயக்கத்தோடு புண்படும் இடத்தையும் மரத்துப்போகச் செய்தால் உடல் குறைவாகவே அதிரும் என்றார். 1926இல் லண்டி என்பார், பல மருந்துகளைச் சமன்செய்து கொடுக்கும் முறைக்குச் 'சமநிலை மயக்கம்' எனப் பெயரிட்டார். குழந்தையின் டான்சில் அறுவையில் இன்று கையாளப்படுவது இக்கருத்தின் வளர்ச்சியே.

இதன் உறுப்புகள் எளியவை. 1950களிலிருந்து குழந்தை மருந்தாக விற்கப்படும் பாராசிட்டமால் ஒன்று. இங்கிலாந்தில் 1961இல் ஸ்டூவர்ட் ஆடம்சு குழுவினர் கண்ட ஐபுபுரோஃபென் மற்றொன்று. வீக்கத்தையும் வாந்தியையும் ஒருங்கே குறைக்கும் டெக்சாமெத்தசோன் அறுவையின்போது ஒரே ஒரு வேளை கொடுக்கப்படுகிறது. டான்சில் இருந்த குழியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவாரும் உளர். மூச்சை அதிகம் தளர்த்தாமல் உறக்கம் தரும் டெக்சுமெடிடோமிடின், சிறு அளவில் கெட்டமின் ஆகியவையும் துணை புரிகின்றன. சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த மயக்க மருத்துவர்கள், டான்சில் அறுவையில் அபினி வகை மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்து, அவற்றின் இடத்தில் இவ்வகை மருந்துகளை அமைத்த அனுபவத்தை 2019இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகமும், இவ்வறுவைக்குப் பின் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனுமே முதல் மருந்துகளாக அமைய வேண்டும் என வழிகாட்டியது.

இவையும் குற்றமற்றவை அல்ல. ஐபுபுரோஃபென் குருதிக் கசிவை மிகுவிக்குமோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. டெக்சுமெடிடோமிடின் இதயத் துடிப்பை மெதுவாக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஆதலால் எடை பார்த்து அளவிடுதலும், நேரம் தவறாமல் கொடுத்தலும், விழித்தெழும் வரை மூச்சைக் கவனித்தலும் இம்முறையின் உயிர்நாடி. இத்தனைக்கும் அடங்காத நோவு எழுந்தால், தேர்ந்த கண்காணிப்பின்கீழ்ச் சிற்றளவு மார்ஃபினோ ஃபெண்டனிலோ கொடுக்கத் தயங்குதலும் கூடாது.

இந்த இறுதி வாக்கியம் நம் நாட்டினர் சிறப்பாகக் கருத வேண்டியது. மேலை நாடுகளில் அபினி வகை மருந்தைக் குறைப்பது மிகுதியால் வந்த கேட்டுக்கு மாற்று. அமெரிக்காவில் வீடுகளில் மிஞ்சிக் கிடந்த மாத்திரைகள் பலரை அடிமைப்படுத்தின. நம் நாட்டின் துயரமோ பெரும்பாலும் இன்மையால் வந்தது. உலகுக்கெல்லாம் மருந்துக்கான அபினியை விளைவித்த நாடு இது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம், பல துறைகளின் உரிமங்களைக் கோரியதால், மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. புற்றுநோயாளர் பலர் அது கிட்டாமல் துன்புற்றனர். 2014இல் செய்யப்பட்ட திருத்தம் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என ஒரு பிரிவை வகுத்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே ஒப்புதல் வழங்க வழி செய்தது. பெங்களூரிலேயே கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்திலும், 1999இல் திறக்கப்பட்ட கருணாசிரயம் என்னும் ஆதரவில்லத்திலும் நோவு தணிக்கும் பணி நடைபெறுவதை நாம் அறிவோம். இறுதி நாள்களில் இருக்கும் அந்நோயாளிகளுக்கு மார்ஃபின் நஞ்சன்று, நற்றுணை.

சொற்களை மொழிமாற்றும் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இங்கு ஓர் இடர்ப்பாடு தெளிவாகத் தெரிகிறது. அறுவைக்குமுன் கொடுப்பதையும் 'மயக்க மருந்து' என்கிறோம். தெருவில் மறைவாக விற்பதையும் சிலர் அவ்வாறே கூறுகின்றனர். சட்டத்தின் மொழியிலோ மார்ஃபினும் 'போதை மருந்து' ஆகிறது. சொல் ஒன்றாயிருப்பதால் அச்சமும் ஒன்றாகிவிடுகிறது. அபினி வகை மருந்தைக் குறைத்தல் என்ற கொள்கை நம்மிடையே வரும்போது, 'நல்ல வேளை, மருந்தே வேண்டாம். குழந்தை பொறுத்துக்கொள்ளும்' என்று அது பொருள் திரிந்துவிடலாகாது. அவ்வாறு திரிந்தால், ஆனந்த் தகர்த்தெறிந்த பழைய கொடுமை புதுப் பெயருடன் மீண்டும் வீட்டிற்குள் நுழைந்துவிடும்.

விக்டோரியா மருத்துவமனை 1900ஆம் ஆண்டும், மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான வாணிவிலாசு மருத்துவமனை 1935ஆம் ஆண்டும் பெங்களூரில் திறக்கப்பட்டன. இந்நகரின் மருத்துவமனைகளில் மகவை அறுவைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு மருத்துவ நூல்கள் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. மூன்று வினாக்களைத் தெரிந்திருந்தால் போதும். குழந்தை இரவில் குறட்டை விடுவதையும் மூச்சுத் தடைபடுவதையும் மருத்துவரிடம் சொன்னோமா? வீட்டில் எந்த மருந்தை, எத்தனை மணிக்கு ஒருமுறை, எத்தனை நாள் கொடுப்பது? எந்த அறிகுறி கண்டால் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு ஓடி வருவது? குருதி கசிதல், எழுப்பியும் எழாத உறக்கம், நீர் அருந்த மறுத்தல் ஆகியவை அத்தகைய அறிகுறிகள் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளல் நலம்.

மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், அளவு கடத்தலையும் அளவில் தாழ்தலையும் ஒருசேர நோய்க்குக் காரணமாக எண்ணினார். இருநூறு ஆண்டுகளின் அனுபவமும் அதையே கூறுகிறது. ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கு அபினி உருண்டையைக் கொடுத்து உறங்க வைத்ததும் தவறு. அறுவை மேசையில் குழந்தைக்கு நோவு தெரியாது என்றதும் தவறு. குறைத்த மார்ஃபின் எத்தனை என்பது இம்முறையின் வெற்றிக்கு அளவாகாது. நோவின்றி விழித்து, நன்கு மூச்சுவிட்டு, தாயின் கையால் ஒரு மிடறு நீர் பருகும் குழந்தையே அதற்குரிய அளவுகோல்.